பதினொரு நாள் வடமதுரை

சம்பல்பூருக்கு மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் பர்கட் என்னும் ஊர் இருக்கிறது. ஒடிசா மாநிலத்தின் நெற்களஞ்சியம் என்று அவ்வட்டாரத்தைக் கூறுவார்கள். ஹிராகுட் அணை 1957ஆம் ஆண்டு ஜனவரியில் நேருவால் திறந்து வைக்கப்பட்ட பிறகு, அதன் கால்வாய்த் தண்ணீர் பாய்ந்து செழித்த பூமி அது. தன்பாதிலிருந்து ஆலப்புழை செல்லும் விரைவு வண்டியில் விடுமுறைக்கு ஊர் திரும்பும் அன்பர்கள், சம்பல்பூரைத் தாண்டியதும் ‘பர்கட் ரோடு’ என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். சேலமும் ஈரோடும் இன்னும் எவ்வளவு தூரம் என்ற கவலையில் யாரும் அங்கே தலையை வெளியே நீட்டுவதில்லை. நாமும் ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பலகையைக் கண்டும் காணாமலும் போனவர்களே.

ஆனால் ஆண்டில் பதினொரு நாட்கள் அவ்வூர் பர்கட்டாக இருப்பதில்லை. வடமதுரை ஆகிவிடுகிறது. ஊரின் ஓரத்தில் ஓடும் ஜீரா நதி யமுனையாகிறது. நதிக்கு அக்கரையில் உள்ள அம்பாபாலி என்னும் சிற்றூர் கோபபுரம், அதாவது நமது ஆழ்வார்கள் பாடிய ஆயர்பாடி, ஆகிறது. இதற்கு தனு யாத்திரை என்று பெயர். தனு என்றால் வில். வில் விழாவுக்கென்று கண்ணனையும் பலராமனையும் கம்சன் மதுரைக்கு வரவழைத்த கதையே விழாவின் உயிர். புஷ்ய மாதத்து வளர்பிறைப் பஞ்சமியில் தொடங்கிப் பௌர்ணமியில் முடிகிறது. நம் பஞ்சாங்கப்படி அந்தப் பௌர்ணமி மார்கழியில் வந்தால் திருவாதிரையை ஒட்டி முடியும், தையில் வந்தால் தைப்பூசத்தை ஒட்டி முடியும். 2024இல் தைப்பூசத்தன்று முடிந்தது. 2025இல் ஜனவரி 3ஆம் தேதி தொடங்கி 13ஆம் தேதி, திருவாதிரையும் போகியும் கூடிய நாளில் முடிந்தது.

நாடகம் என்றால் ஒரு மேடை, ஒரு திரை, எதிரே நாற்காலிகள் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இது முதலில் விளங்காது. இங்கே ஊரே மேடை. தேவகியின் திருமண ஊர்வலம் நிஜமான கடைத்தெரு வழியே போகிறது. தந்தை உக்கிரசேனரைத் தள்ளிவிட்டு அரியணை ஏறும் கம்சன், ஹாட்பாடா என்னும் இடத்தில் தர்பார் நடத்துகிறான். நகர்வலம் வருகிறான். அந்தப் பதினொரு நாளும் ஊர் அவன் ஆட்சியில் இருப்பதாகப் பொருள். குப்பையைத் தெருவில் கொட்டியவன், வண்டியை நடுவழியில் நிறுத்தியவன், விலையை ஏற்றிய கடைக்காரன், வேலையில் அசட்டையான அதிகாரி எல்லோரையும் அழைத்து விசாரித்து அபராதம் போடுவான். மாவட்ட ஆட்சியாளரும் தப்ப முடியாது. பீஜு பட்நாயக் முதலமைச்சராக இருந்த நாளில் கம்சனின் தர்பாருக்கு வந்து, அவன் விதித்த அபராதத்தைச் சிரித்துக்கொண்டே கட்டினார் என்று ஊரார் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். இந்தியா சுதந்திரம் அடைந்த கையோடு, 1947-48இல் இவ்விழா தொடங்கியது என்பர். கொடுங்கோலன் ஒருவன் ஆட்சி ஒழிந்த களிப்பில் இன்னொரு கொடுங்கோலன் ஒழிந்த கதையை ஊரார் எடுத்தார்கள் என்று பெரியவர் ஒருவர் விளக்கினார். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கம்சனும் அவன் படையும் யார்? தொழில்முறை நடிகர்கள் அல்லர். குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், கடைக்காரர்கள், விவசாயிகள். இதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நாம் வேலை பார்க்கும் நிலையத்தில், அதே டிக்கெட் கவுண்டரில் நமக்கு மாற்றாளாக அமரும் நண்பர் ஒருவர், கம்சனின் படைவீரர்களில் ஒருவர். பர்கட் அவர் சொந்த ஊர். இருபது வயதில் ஈட்டி பிடித்தார். இப்போது முப்பத்தைந்து.

ரயில்வேயில் சுற்று வேலை எப்படி என்பது இவ்வேட்டின் வாசகர்களில் பலருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் இரவு பத்து, பத்து முதல் காலை ஆறு. பண்டிகை நாளில்தான் கூட்டம் அதிகம், கூட்டம் அதிகமான நாளில்தான் விடுப்பு குறைவு. பதினொரு நாளைக்கும் சேர்த்து விடுப்பு கேட்டால், கேட்பவர் முகத்தை மேலதிகாரி ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். ஆகவே நண்பர் வேறொரு வழி கண்டிருக்கிறார். அவரிடம் நீல அட்டை போட்ட ஒரு சிறு நோட்டுப் புத்தகம் உண்டு. ரத யாத்திரை, துர்க்கா பூஜை, தீபாவளி, சத் பூஜை என்று மற்றவர்கள் வீட்டில் இருக்க விரும்பும் நாட்களிலெல்லாம் இவர் அவர்களுடைய இரவு வேலையை வாங்கிக்கொள்வார். யாருக்கு எத்தனை இரவு என்று நோட்டில் எழுதிக்கொள்வார். புஷ்ய மாதம் வந்ததும் அந்த இரவுகளைத் திரும்ப வசூல் செய்வார். சில நாள் முறையான விடுப்பு, மற்ற நாள் இந்த வசூல். பதினைந்து ஆண்டுகளாக அவர் வீட்டில் தீபாவளி விளக்கை ஏற்றுபவர் அவர் மனைவிதான்.

தசரா முடிந்ததும் மீசை வளர்க்கத் தொடங்குவார். கார்த்திகை பிறப்பதற்குள் அது கன்னத்தை எட்டிவிடும். கவுண்டரில் சில்லறை இல்லை என்று அவர் சொன்னால் பிரயாணிகள் மறுபேச்சில்லாமல் நகர்வதை நாம் பார்த்திருக்கிறோம். நாம் அதே வார்த்தையைச் சொன்னால் கால் மணி நேரம் வாதம் நடக்கும்.

2024ஆம் ஆண்டு நவம்பரில் ஊரிலிருந்து தகவல் வந்தது. தகப்பனார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்றார்கள். வந்தவாசிக்குப் பக்கத்தில் நமது கிராமம். குழந்தைகளையும் அவர்கள் தாயாரையும் இங்கேயே விட்டுவிட்டு அன்றிரவே கிளம்பினோம். கிடைத்த விடுப்பு ஆறு நாள். திரும்பி வரப் பத்து நாள் ஆயிற்று. இடையிலிருந்த நான்கு இரவுகளை நண்பர் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்து நன்றி சொல்ல வாயெடுத்தபோது, நோட்டைத் திறந்து நமது பெயருக்கு நேரே நான்கு கோடுகள் போட்டிருப்பதைக் காட்டினார். “நன்றி வேண்டாம், ஜனவரி வேண்டும்” என்றார்.

அவர் அழைத்ததன் பேரில் ஜனவரி 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பர்கட் சென்றோம். நிலையத்திலிருந்து ஊருக்குள் போகப் போகக் கூட்டம் பெருகியது. கிராமங்களிலிருந்து டிராக்டர் டிராக்டராக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். பெண்கள் உடுத்திய சம்பல்பூரிச் சேலைகளின் சிவப்பும் கறுப்பும் தெருவையே நெய்துவிட்டது போல் இருந்தது. அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துச் சுட்ட அரிசா என்னும் பணியாரத்தைக் குழந்தைகள் தின்று பார்த்து, “இது அதிரசம்தானே?” என்றார்கள். அதிரசமேதான். பெயர் மட்டுமே மாறியிருக்கிறது.

கடைத்தெரு முனையில் நான்கு படைவீரர்கள் ஈட்டியைக் குறுக்கே நீட்டி நம்மை மறித்தார்கள். ஜிகினா தைத்த சட்டை, அட்டைக் கவசம், கண்ணைச் சுற்றி மை, கன்னம் வரை மீசை. “மகாராஜாவின் நகரத்தில் அனுமதியின்றி நுழைந்த அந்நியர்கள் யார்?” என்று ஒருவர் உறுமினார். சின்னவன் தாயாரின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். தென்தேசத்துக்காரர்கள் என்று பணிவாகச் சொன்னோம். அபராதம் பத்து ரூபாய் என்று தீர்ப்பாயிற்று. குழந்தைகளின் தாயார் அந்த முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “ஏங்க, இவர் போன வாரம் நம் வீட்டில் ஆறு இட்லி சாப்பிட்டவர் இல்லையா?” என்றார். தமிழ் அறியாத வீரருக்கு இட்லி என்ற சொல் மட்டும் விளங்கிவிட்டது. மீசை துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. அபராதத்தை இருபதாக உயர்த்திவிட்டார். கட்டிவிட்டு நடந்தோம். வேடம் கலையும்வரை அவர் நம்மைத் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளவே இல்லை. அது நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிற்பகல் அக்கரைக்குச் சென்றோம். ஜீரா என்ற பெயரைக் கேட்டதும் பெரியவள், சீரக நதியா என்று கேட்டாள். ரசம் வைக்கத் தோதான ஆறு என்றார் அவள் தாயார். அகலத்தில் நம் ஊர் ஆறுகளுக்குக் குறைந்ததே. மழை நின்ற காலமாதலால் தண்ணீரும் அதிகம் இல்லை. ஆனால் கைக்குழந்தையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வசுதேவர் நள்ளிரவில் கடக்கும் யமுனை அதுதான் என்று சொல்லிவிட்ட பிறகு, அதை வெறும் ஓடையாகப் பார்க்க யாருக்கு மனம் வரும்? ஸ்ரீவில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகப் பாவித்து மார்கழி நோன்பிருந்த ஆண்டாளின் கதையைக் குழந்தைகளுக்கு அந்த ஆற்றங்கரையில் சொன்னோம். அதே மார்கழி மாதம், அதே பாவனை.

அம்பாபாலியில் ஆயர் சிறுவர்கள் விளையாடும் காட்சி நடந்துகொண்டிருந்தது. குளிர் கடுமை. பிள்ளைகள் வெற்று மார்பில் மாலையோடு நின்றார்கள். ஓரத்தில் ஒரு தாய் கம்பளிச் சட்டையை விரித்துப் பிடித்தபடி, காட்சி எப்போது முடியும் என்று காத்திருந்தாள். கூட்டம் முழுவதும் கண்ணனைப் பார்த்திருக்க, அவள் தன் மகனின் நடுங்கும் தோளைப் பார்த்திருந்தாள்.

மாலையில் நண்பரின் இல்லத்திற்குச் சென்றோம். அவர் வரப் பத்து மணி ஆகும் என்று அவர் மனைவி சொன்னார். நம் வீட்டாரை ‘பாவுஜா’ என்று அழைத்தார். ஒடிய மொழியில் அண்ணி என்று பொருள். பூசப்படாத செங்கல் சுவர், ஒரு மூலையில் சிமெண்டு மூட்டை. அது சென்ற ஆண்டு வாங்கியது, இறுகிவிட்டது என்று சிரித்தார். பெண்கள் இருவரும் பாதி இந்தியும் பாதிச் சைகையுமாகப் பேசினார்கள். பேச்சு மெல்லக் கணக்குக்கு வந்தது. இருமுறை நண்பருக்குப் பதவி உயர்வு வந்ததாம். இருமுறையும் தூரத்து நிலையத்திற்கு மாற்றலோடு வந்தது. போனால் பதினொரு நாள் போய்விடும் என்று இருமுறையும் எழுதிக் கொடுத்து மறுத்துவிட்டார். ரயில்வேயில் உயர்வை மறுத்தால் ஓராண்டு வரை மறுபடி கேட்க முடியாது. அதற்குள் பின்னால் வந்தவர்கள் முந்திவிடுவார்கள். “அந்தச் சம்பளம் இருந்தால் இந்தச் சுவர் பூசியிருக்கும். விழாவில் கொடுக்கும் தொகை பஸ் கட்டணத்துக்கும் மீசை மைக்கும் சரியாகப் போகிறது” என்றார் அந்த அம்மாள்.

நோய்த்தொற்றுக் காலத்தில், 2021இலும் 2022இலும், விழா நடைபெறவில்லையே, அப்போது வீட்டில் நிம்மதியாக இருந்திருப்பாரே என்று கேட்டோம். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். “வீட்டில்தான் இருந்தார். பதினொரு நாளும் மாலை நான்கு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். யாரும் கூப்பிட வரமாட்டார்கள் என்று தெரியும். அதைவிட ஈட்டியைத் தூக்கிக்கொண்டு போவதே தேவலை.” சற்றுப் பொறுத்து, இந்த ஆண்டும் உயர்வுப் பட்டியல் வரப் போகிறது என்றும், இம்முறை என்ன எழுதிக் கொடுப்பார் என்று தாம் கேட்கவில்லை என்றும் சொன்னார். கேட்டால் ஒருவேளை தமக்காக ஒப்புக்கொண்டுவிடுவாரோ என்ற பயமாம்.

திரும்பும் வண்டியில் குழந்தைகள் உறங்கிவிட்டார்கள். நம் வீட்டாரும் வெகுநேரம் பேசவில்லை. நமக்கு நமது கிராமம் நினைவுக்கு வந்தது. அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பனைமரக் கம்பத்தில் அர்ச்சுனன் தபசு ஏறுவான். கடைசி நாளில் மண்ணால் துரியோதனன் உருவத்தைத் தரையில் பெரிதாகச் செய்து கிடத்துவார்கள். களத்துமேடு குருக்ஷேத்திரம் ஆகும். பத்தாவது தேறி ரயில்வே தேர்வு எழுதி, எந்த மண்டலம் கிடைத்தாலும் சரி என்று கிளம்பும்வரை, அந்தக் கூத்தில் நாம் பின்பாட்டுப் பாடியவர்கள். வேடம் கட்டும் அளவுக்கு உடம்பும் இல்லை, தைரியமும் இல்லை. ஆனால் மத்தளக்காரருக்கு அருகில் நமக்கென்று ஓர் இடம் இருந்தது. வைகாசியில் விழா. ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட அதற்குப் போகவில்லை. விடுப்பு இல்லை என்று வீட்டுக்கு எழுதுவோம். உண்மையைச் சொன்னால், சில ஆண்டுகளில் கேட்டுப் பார்க்கவும் இல்லை. இருக்கும் விடுப்பைப் பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் மருத்துவத்துக்கும் சேர்த்து வைப்பதே குடும்பஸ்தனுக்கு அழகு என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். சென்ற நவம்பரில் படுக்கையிலிருந்த தகப்பனார், பின்பாட்டுக்கு இப்போது ஆளே இல்லை, ஒலிப்பதிவு போடுகிறார்கள் என்று சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை.

நண்பருக்கு நாம் தரவேண்டிய நான்கு இரவுகளில் மூன்றை ஜனவரி 12க்குள் கொடுத்துவிட்டோம். நான்காவதாக அவர் கேட்டது 13ஆம் தேதி இரவு. கடைசி நாள். குவலயாபீடம் என்னும் யானையும், சாணூரன், முஷ்டிகன் என்னும் மல்லர்களும் வீழ்ந்து, கம்சன் மாண்டு, அவன் உருவம் கொளுத்தப்படும் நாள். அந்தக் காட்சிக்கே மீண்டும் பர்கட் போவதாகக் குழந்தைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். நமக்கோ போகி. மறுநாள் பொங்கல், சம்பல்பூரில் இருக்கும் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் நம் வீட்டு முற்றத்தில் பானை வைப்பதாக ஏற்பாடு. கரும்புக்கு அலைய வேண்டும், கோலமாவு அரைக்க வேண்டும். “அவர் நான்கு இரவு உட்காராமல் இருந்தால் நீங்கள் மாமாவைப் பார்த்தே இருக்க முடியாது” என்று குழந்தைகளின் தாயார் சொல்லிவிட்டு, கரும்பு வாங்கத் தாமே பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

அன்றிரவு பத்து மணிக்குக் கவுண்டரில் அமர்ந்தோம். குளிருக்குக் கம்பளியைக் காதுவரை இழுத்துக்கொண்டு, தேநீர்க் குவளையைக் கையில் உருட்டிக்கொண்டு, வந்தவர்களுக்குச் சீட்டுக் கொடுத்தோம். பதினொன்றரைக்குமேல் பஸ்களில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. தோளில் உறங்கும் பிள்ளைகள், கையில் பலூன், சட்டையில் புழுதி. பர்கட்டிலிருந்து வருகிறவர்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஜன்னலுக்கு முன் நின்ற பெரியவரைக் கேட்டோம், கம்சன் செத்துவிட்டானா என்று. “செத்துவிட்டான். ஜார்சுகுடாவுக்கு இரண்டு” என்றார்.

காலை ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, இன்னும் இருள் பிரியாத பிளாட்பாரத்தில் நண்பர் நடந்து வந்தார். வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருக்க வேண்டும். மீசையை எங்கேயோ மழித்திருந்தார். இரண்டு மாதம் வெயில் படாத மேலுதடு மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. கண் ஓரங்களில் மை போகவில்லை. குரல் முழுவதும் போய்விட்டிருந்தது. அன்று முழுக்க அவர் சைகையால்தான் டிக்கெட் கொடுத்திருப்பார். கணக்கை ஒப்படைத்தோம், ரொக்கத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். பிறகு நீல அட்டை நோட்டை எடுத்து, நமது பெயருக்கு நேரே இருந்த நான்காவது கோட்டை அடித்தார்.

நாம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள், கதவருகில் நின்றுவிட்டோம். நம் ஊரிலும் ஒரு விழா உண்டு என்று சொன்னோம். எப்போது என்று விரலால் கேட்டார். மே மாதக் கடைசியில் என்றோம். பேனாவைத் திறந்து, புதிய பக்கத்தின் மேலே நமது பெயரை எழுதினார். அதன் பக்கத்தில் மே என்று எழுதினார். எத்தனை இரவு என்று கேட்பது போல் நிமிர்ந்து பார்த்தார்.

பதினெட்டு என்று சொல்ல வாய் வரவில்லை. நான்கு என்றோம்.